பிராக் நகரில் தங்கிச் சுற்றிப் பார்க்க: ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பெருமளவு சிதையாமல் தப்பிய ஐரோப்பியத் தலைநகரங்கள் மிகச் சில. செக் குடியரசின் தலைநகரான பிராக் அவற்றுள் ஒன்று. பதினான்காம் நூற்றாண்டின் பாலமும், அதற்கும் மூத்த தேவாலயங்களும், பதினெட்டாம் நூற்றாண்டின் மாளிகைகளும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்பதைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டமே இந்நகரைப் பார்ப்பதற்குப் பெரிய இடையூறாகவும் இருக்கிறது. பழைய நகரம் பரப்பில் சிறியது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை சார்லஸ் பாலத்தில் நின்று ஒரு சிலையை நிமிர்ந்து பார்ப்பதற்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அதே பாலத்தில் காலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டம் அரிது. எனவே இங்கே எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த நேரத்தில் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தங்குமிடத்தையும் அதற்கேற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி நான்கு நாள் பயணத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

காலமும் விசாவும்

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரையிலும், செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரையிலும் உள்ள வாரங்களே நடந்து திரிய ஏற்றவை. ஜூனில் ஏறத்தாழ பதினாறு மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் அது எட்டு மணி நேரமாகச் சுருங்கி, மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காக டிசம்பரில் செல்ல விரும்புவோர், பார்க்கும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு செல்வது நல்லது. குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். அந்தக் குளிரில் கல் பாவிய தெருக்கள் வழுக்கவும் செய்யும்.

செக் குடியரசு 2007 டிசம்பர் முதல், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலப் பயணத்துக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால், குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். வியன்னா, புடாபெஸ்ட் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுவது அடிக்கடி நடக்கிறது.

எங்கே தங்குவது

வல்தாவா ஆறு நகரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரையில் குன்றின் மேல் கோட்டையும், அதன் அடிவாரத்தில் மாலா ஸ்ட்ரானா என்னும் சிறுநகரப் பகுதியும் உள்ளன. கிழக்குக் கரையில் பழைய நகரமும், அதைச் சுற்றி மன்னர் நான்காம் சார்லஸ் 1348இல் நிறுவிய புதிய நகரமும் உள்ளன. அறுநூற்று எழுபது ஆண்டுகளைக் கடந்த பின்னும் அதற்குப் பெயர் புதிய நகரம்தான்.

முதல் முறையாகச் செல்பவர்களுக்கு நான் சொல்வது மாலா ஸ்ட்ரானா. பகலில் கூட்டம் மிகுந்தாலும் இரவில் அமைதியாகிவிடும். விடியற்காலையில் ஐந்து நிமிட நடையில் பாலத்தை அடையலாம், கோட்டையும் அருகில்தான். அறை வாடகை கூடுதல் என்பதும், பல விடுதிகள் மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்களில் இயங்குகின்றன என்பதும் இதன் குறைகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் பதிவு செய்வதற்கு முன் மின்தூக்கி உண்டா என்று எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

பழைய நகரத்தின் நடுவில், குறிப்பாக த்லௌஹா தெருவை ஒட்டிய பகுதியில், தங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வார இறுதிகளில் மது விடுதிகளின் இரைச்சல் நள்ளிரவு கடந்தும் அடங்காது. குடும்பமாகச் செல்பவர்களுக்கும் செலவைக் குறைக்க விரும்புபவர்களுக்கும் வினோஹ்ராடி மிகப் பொருத்தமானது. மரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற தெருக்களும், பூங்காக்களும், உள்ளூர் மக்கள் சாப்பிடும் உணவகங்களும் அங்கே இருக்கின்றன. நாமெஸ்தீ மீரு நிலையத்திலிருந்து மெட்ரோவில் சில நிமிடங்களில் பழைய நகரம் வந்துவிடும். தரைக்குக் கீழே 53 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளமுடையது. நம் ஊர்ப் படிக்கட்டுகளைவிட வேகமாக நகரும் என்பதால், முதல் முறை கால் வைக்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நின்று, இடப்பக்கத்தை நடந்து ஏறுபவர்களுக்கு விட்டுவிடுவது அங்குள்ள வழக்கம். 2002 வெள்ளத்தில் மூழ்கிப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட கார்லீன் பகுதியும், ஆற்றின் வளைவில் உள்ள ஹோலெஷோவித்ஸேயும் இதே வகையில் நல்ல மாற்றுகள்.

அறை வாடகைக்கு மேல், பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா நகர வரி உண்டு. வெளிநாட்டவர் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் காவல் துறையில் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. விடுதிகள் அதைத் தாமே செய்துவிடும். தனியார் வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் உரிமையாளர் அதைச் செய்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி காக்க வேண்டும் என்பதையும் குழந்தைகளோடு தங்குபவர்கள் நினைவில் கொள்ளவும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

வாட்ஸ்லாவ் ஹாவெல் விமான நிலையத்துக்கு மெட்ரோ இல்லை. 59ஆம் எண் மின்பேருந்து அங்கிருந்து நாட்ரஜீ வெலெஸ்லவீன் நிலையத்துக்கு வரும். அங்கே மெட்ரோவின் பச்சை நிற ஏ தடத்தில் மாறி ஊருக்குள் வரலாம். பெட்டிகள் அதிகமாக இருந்தால், நேராக மத்திய ரயில் நிலையத்துக்குச் செல்லும் விரைவுப் பேருந்தைப் பயன்படுத்துங்கள். அதிலும் சிரமம் என்றால் ஊபர், போல்ட் செயலிகள் இருக்கின்றன. தெருவில் வழிமறித்து அழைக்கும் டாக்ஸிகளில் ஏற வேண்டாம்.

மெட்ரோ, டிராம், பேருந்து ஆகிய மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று கால அளவில் விற்கப்படுகிறது. நான்கு நாள் தங்குபவர்களுக்கு 72 மணி நேரச் சீட்டு பெரும்பாலும் போதும், மிச்ச நாளை நடந்தே கழிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் அது செல்லுபடியாகாது. முதல் பயணத்தின் தொடக்கத்தில் மஞ்சள் நிறப் பெட்டியில் செருகி நேர முத்திரை பெற வேண்டும். மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் இல்லாததால் பலர் முத்திரையிடாமலே உள்ளே போய்விடுகிறார்கள். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் இப்படிப்பட்ட பயணிகளுக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிப்பார்கள். செயலியில் சீட்டு வாங்குபவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே அதைச் செயல்படுத்திவிட வேண்டும். டிராமுக்குள் உள்ள இயந்திரத்தில் வங்கி அட்டையைக் காட்டி வாங்கும் சீட்டுக்கு மட்டும் தனியாக முத்திரை வேண்டாம்.

பணம்

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் கொருனா. அநேகமாக எல்லா இடங்களிலும் அட்டை செல்லும். கட்டணக் கழிப்பறைக்கும் சிறு கடைகளுக்கும் சில்லறை வைத்திருந்தால் போதும். அட்டை இயந்திரமோ பணம் எடுக்கும் இயந்திரமோ உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று கேட்டால், மறுத்துவிட்டுக் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். இயந்திரம் சொல்லும் மாற்று விகிதம் ஏறக்குறைய எப்போதும் உங்களுக்கு நட்டமானது. வங்கிகளின் சொந்த இயந்திரங்களில் பணம் எடுப்பது நல்லது.

தெருவில் வந்து பணம் மாற்றித் தருவதாகச் சொல்பவர் வேறு நாட்டின் மதிப்புக் குறைந்த நோட்டுகளைக் கையில் திணிப்பது பழைய மோசடி. உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலேயே மோசமான விகிதத்தில் மாற்றிவிட்டால் அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இருக்கிறது. 2019இல் வந்த விதியின்படி, 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு சென்று ரத்து செய்யலாம். எனவே ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

முதல் நாள்: பாலமும் பழைய நகரமும்

வந்த மறுநாள் நேர வேறுபாட்டால் எப்படியும் விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். அதைப் பயன்படுத்திக்கொண்டு சூரியன் எழும் நேரத்தில் சார்லஸ் பாலத்துக்குச் செல்லுங்கள். 1342 வெள்ளத்தில் முந்தைய பாலம் இடிந்த பிறகு, நான்காம் சார்லஸ் 1357இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 516 மீட்டர் நீளமும் பதினாறு வளைவுகளும் கொண்டது. இரு பக்கமும் உள்ள முப்பது சிலைத் தொகுதிகளும் பிற்காலத்தவை, பலவற்றின் மூலங்கள் காப்பகத்தில் இருக்கின்றன. 1683இல் வைக்கப்பட்ட, நெப்போமுக் யோவான் என்னும் பாதிரியாரின் சிலைதான் இவற்றுள் மிகப் பழையது. 1393இல் மன்னர் நான்காம் வென்ஸஸ்லாஸின் ஆணைப்படி அவர் இங்கிருந்து ஆற்றில் வீசப்பட்டார். பீடத்தில் உள்ள வெண்கலப் பலகையில் மக்கள் கை வைத்து வணங்கும் பகுதி மட்டும் பொன்போல் மின்னும், சுற்றியுள்ள பகுதி கறுத்திருக்கும். பெரும்பாலோர் இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, கைப்பிடிச் சுவரில் ஐந்து விண்மீன்களோடு பதிக்கப்பட்டிருக்கும் சிறிய சிலுவைதான் அவர் வீசப்பட்ட இடத்தின் அடையாளம்.

பாலத்தைக் கடந்து கார்லோவா தெரு வழியாகப் பழைய நகரச் சதுக்கத்துக்கு வாருங்கள். நகர மன்றக் கோபுரத்தின் வானியல் கடிகாரம் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காலை ஒன்பது மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஒவ்வொரு மணிக்கும் மேலே உள்ள சாளரங்களில் பன்னிரண்டு திருத்தூதர்கள் தோன்றி நகர்வார்கள், எலும்புக்கூடு மணியின் கயிற்றை இழுக்கும், கடைசியில் பொற்சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றவர்கள் இவ்வளவுதானா என்று ஏமாற்றத்தோடு கலைகிறார்கள். அவர்கள் போன பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும். இது பூமியை நடுவில் வைத்து வானத்தைக் காட்டும் கருவி. மேல் முகப்பில் தனியாகச் சுழலும் சிறு வளையம் ராசி மண்டலம், மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு குறிகளையும் அடையாளம் காணலாம். அதன் மேல் நகரும் பொற்சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதையும், நீலம், செம்மை, கருமை என்னும் வண்ணப் பகுதிகளில் பகலா, அந்தியா, இரவா என்பதையும் காட்டுகிறது. பாதி வெள்ளியாகவும் பாதி கருப்பாகவும் உள்ள சிறு உருண்டை நிலவு. வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப அது தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும். வெளி வளையத்தின் இருபத்து நான்கு எண்கள் சூரியன் மறைவிலிருந்து நாளைக் கணக்கிடும் பழைய செக் முறைக்கு உரியவை. சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது. பத்து நிமிடம் நிதானமாக நின்று இதைப் படித்துப் பாருங்கள்.

கோபுரத்தின் கீழே நடைபாதையில் இருபத்தேழு வெண்சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஹாப்ஸ்பர்க் அரச மரபின் ஆட்சியை எதிர்த்துத் தோற்ற இருபத்தேழு தலைவர்கள் 1621 ஜூன் 21 அன்று இங்கே கொல்லப்பட்டனர். எதிரே இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் டீன் தேவாலயத்தில், தொலைநோக்கி இல்லாத காலத்தில் வானை அளந்த டைக்கோ பிராஹியின் கல்லறை இருக்கிறது. 1601இல் அவர் இந்நகரில் இறந்த பின், அவருடைய அளவுகளை வைத்துக்கொண்டு கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்பதை கெப்ளர் நிறுவியதும் இதே பிராகில்தான். பத்து மணிக்குக் கூட்டம் பெருகத் தொடங்கும்போது நீங்கள் காலை உணவுக்கு உட்கார்ந்திருக்கலாம்.

மாலையில் லெட்னா குன்றின் மேல் ஏறுங்கள். ஆற்றின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் நல்ல இடம் அது. ஸ்டாலினின் மாபெரும் சிலை 1962இல் தகர்க்கப்படும்வரை அங்கேதான் நின்றது.

இரண்டாம் நாள்: கோட்டை

கோட்டைக்கு அடிவாரத்திலிருந்து படியேறிப் போவதுதான் பலரும் செய்வது. மேலிருந்து இறங்கி வருவது நல்லது. 22ஆம் எண் டிராமில் போஹோர்ஸெலெட்ஸ் நிறுத்தம் வரை சென்று, ஸ்ட்ராஹோவ் மடத்தின் நூலகக் கூடங்களைப் பார்த்துவிட்டு, ஹ்ரட்சானி சதுக்கம் வழியாகக் கோட்டைக்குள் நுழையுங்கள். வழி முழுவதும் சரிவு என்பதால் மூச்சு வாங்காது. இந்த டிராமில் ஜேப்படி அதிகம், பையை முன்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை வளாகம் ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்புடையது. முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. உள்ளரங்குகளுக்கு வாங்கும் சீட்டு இரண்டு நாட்களுக்குச் செல்லும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. வாயிலில் பைகள் சோதிக்கப்படலாம், எனவே உள்ளரங்குகள் ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே அங்கே இருப்பது நல்லது. புனித வீட்டஸ் பேராலயம் 1344இல் தொடங்கி 1929இல்தான் நிறைவுற்றது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளியை உள்ளே நின்று காணலாம்: கிழக்குப் பாதி கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லரின் காலத்தது, மேற்குப் பாதியின் கண்ணாடிச் சாளரங்களில் ஒன்று செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா வரைந்த இருபதாம் நூற்றாண்டு ஓவியம். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் நண்பகலுக்குப் பிறகே பார்வையாளர்களை அனுமதிப்பார்கள்.

அடுத்துள்ள பழைய அரண்மனையின் விளாதிஸ்லாவ் மண்டபத்தில் மேற்கூரையின் வளைவு விலாக்களை அண்ணாந்து பாருங்கள். குதிரை வீரர்கள் மழைக்காலத்தில் உள்ளேயே போட்டி நடத்தும் அளவுக்கு அகலமானது. அதை ஒட்டிய அறையின் சன்னலிலிருந்துதான் 1618 மே 23 அன்று இரண்டு அரசப் பிரதிநிதிகளும் அவர்களின் செயலரும் வெளியே தூக்கி எறியப்பட்டனர். மூவரும் உயிர் பிழைத்தனர், ஆனால் அந்நிகழ்ச்சி தொடங்கிவைத்த போர் முப்பது ஆண்டுகள் ஐரோப்பாவை எரித்தது. கோட்டைக்குள்ளேயே உள்ள பொன் சந்தின் 22ஆம் எண் குடிசையில் எழுத்தாளர் காஃப்கா 1916, 1917ஆம் ஆண்டுகளில் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது அங்கே கடை இருக்கிறது.

மூன்றாம் நாள்: யோசெஃபோவ் முதல் விஷெஹ்ராட் வரை

யூதர்களின் பழைய குடியிருப்பான யோசெஃபோவின் தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். மூன்றாம் நாள் சனியாக அமைந்தால் இதை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தில் நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. குடும்பப் பெயர் ஒரு நிறத்தில், அதன் பின் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் இறுதியாகத் தெரிந்த தேதியும் என, ஒரே குடும்பத்தின் வரிகள் சுவரில் அடுத்தடுத்து ஓடும். இங்கே விரைந்து நடக்காதீர்கள். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் 1787 வரை அடக்கம் நடந்தது. இடம் போதாமையால் மண் கொட்டி ஒன்றன் மேல் ஒன்றாகப் புதைத்ததால், ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றையொன்று சாய்ந்து நெருக்கி நிற்கின்றன.

அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் யான் பாலாக் சதுக்கம். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலம் இங்கே இருக்கிறது. தமிழ் வாசகர்கள் இந்தக் கட்டடத்தின் முன் சற்று நிற்கக் காரணம் உண்டு. பிராகில் பிறந்த கமில் சுவலபில் இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். சங்க இலக்கியத்தையும் திராவிட மொழியியலையும் ஐரோப்பிய வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் முன்னிற்பவர் அவர். 1968இல் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்த பின் அவர் வெளிநாடு சென்றுவிட்டார். அதே படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்று தீக்குளித்த யான் பாலாக் இந்தக் கலைப் புலத்தின் மாணவர்.

அவர் தீக்குளித்த வென்ஸஸ்லாஸ் சதுக்கம் புதிய நகரத்தில் உள்ளது. அதன் தலைமாட்டில் நிற்கும் தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில் 1968இன் குண்டுத் தடங்கள் இன்றும் தெரியும். எதிரே தரையிலிருந்து மேடாக எழும் சிலுவை பாலாக்கின் நினைவுச் சின்னம். 1989 நவம்பரில் பொதுவுடைமை ஆட்சியை வீழ்த்திய மக்கள் திரண்டதும் இச்சதுக்கத்தில்தான்.

பிற்பகலை விஷெஹ்ராட்டுக்கு ஒதுக்குங்கள். மெட்ரோவின் சிவப்பு நிற சி தடத்தில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கலாம். ஆற்றுக்கு மேலே உள்ள கோட்டைச் சுவர்களின் மீது கட்டணமில்லாமல் நடக்கலாம், இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெட்டனா, ஓவியர் மூகா, எழுத்தாளர் கரேல் சாப்பெக் ஆகியோர் துயில்கிறார்கள். பிராகில் கூட்டமில்லாமல் மாலை வரை உட்கார்ந்திருக்க ஏற்ற இடம் எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

சாப்பாடு

செக் சமையல் இறைச்சியை மையமாகக் கொண்டது. ஸ்விச்கோவா என்பது மாட்டிறைச்சி, வெப்ஷோ என்று தொடங்குவது பன்றி இறைச்சி. சைவர்கள் பெஸ் மஸா, அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லிக் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கு சூப்பிலும் கொழுப்போ இறைச்சிச் சாறோ இருக்கலாம் என்பதால் அதையும் கேட்பது நல்லது. ரொட்டித்தூள் தடவிப் பொரித்த பாலாடைக்கட்டியான ஸ்மஜெனீ சீர் பல உணவகங்களில் கிடைக்கும். பழம் பொதிந்த கொழுக்கட்டைகளை இனிப்பாக அல்லாமல் முழு உணவாகவே அங்கே உண்கிறார்கள். வார நாட்களில் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை குறைந்த விலையில் மதிய உணவுப் பட்டியல் இருக்கும், நல்ல உணவகங்களில் சாப்பிட அதுவே சரியான வேளை. வியட்நாமிய மக்கள் அதிகம் வாழும் நாடு என்பதால் சோறும் டோஃபுவும் எளிதில் கிடைக்கும். இந்திய உணவகங்களும் உள்ளன. தெருவெங்கும் பழம்பெரும் பிராக் பண்டம் என்று விற்கப்படும், கம்பில் சுற்றிச் சுட்ட இனிப்பு ரொட்டியான ட்ர்டெல்னீக் சுற்றுலாவுக்காக அண்மையில் பரவியது, குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றால் வாங்கிக் கொடுக்கலாம். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

நான்காம் நாள்: குட்னா ஹோரா

நான்காம் நாளை நகருக்கு வெளியே செலவிடுங்கள். மத்திய நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குட்னா ஹோரா வந்துவிடும். இங்கே வெட்டியெடுத்த வெள்ளியில்தான் 1300இலிருந்து பிராக் குரோஷன் நாணயங்கள் அச்சிடப்பட்டன. மூன்று நாட்களாக நீங்கள் பார்த்த பேராலயத்துக்கும் பாலத்துக்கும் பின்னால் இருந்த செல்வத்தின் ஊற்று இது. பிரதான நிலையத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் மனித எலும்புகளால் அலங்கரிக்கப்பட்ட செட்லெட்ஸ் தேவாலயம். அதை முதலில் பார்த்துவிடுங்கள், அங்கே அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது. பிறகு உள்ளூர்ப் பேருந்தில் பழைய ஊருக்குச் சென்று, நாணயச் சாலையையும், 1388இல் தொடங்கிய புனித பார்பரா ஆலயத்தையும் பாருங்கள். சுரங்கத் தொழிலாளர்கள் தம் காவல் புனிதைக்கு எழுப்பிய அந்த ஆலயத்தின் சுவர்களில், வழக்கமான வேதக் காட்சிகளோடு நாணயம் அச்சடிப்பவர்களையும் வரைந்திருக்கிறார்கள். திரும்பும்போது பழைய ஊரின் சிறு நிலையத்திலிருந்தே உள்ளூர் ரயிலில் பிரதான நிலையம் வந்து பிராக் வண்டிக்கு மாறலாம். இரண்டு வண்டிகளின் நேரத்தையும் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.